மாத்தேரானில் பறிபோன பை

மழை தொடங்குவதற்குள் ஒரு நாள் மலைக்காற்று வாங்கலாம் என்று இன்று மகளோடு மும்பைக்குப் பக்கத்திலுள்ள மாத்தேரான் போனேன்.

மலை ரயிலில் இந்தியில் பேசிக்கொண்டு வந்தோம். அவளுக்கு அதுதான் சுலபம்.

எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கணவர் எங்களைப் பார்த்தபடியே மனைவியிடம் தமிழில் சொன்னார்: "தாராவிக் கும்பல் மாதிரி இருக்கு. பையை மடியில வெச்சுக்கோ."

நாங்கள் தாராவிதான். நான் மகளிடம் இந்தியிலேயே பேச்சைத் தொடர்ந்தேன். காது மட்டும் எரிந்தது.

மத்தியானம் மலை விளிம்பில் மறுபடி அவர்களைப் பார்த்தோம். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் மனைவியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மரத்திலிருந்து ஒரு குரங்கு மெதுவாக இறங்கியது. குரல் கொடுக்கப்போன மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

குரங்கு பையோடு பள்ளத்துக்குள் போய்விட்டது.

பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், சொல்லக் கூடாதா என்று அவர் எங்களைப் பார்த்து இந்தியில் கத்தினார்.

நான் தமிழில் சொன்னேன்: "மடியில வச்சிருப்பீயன்னுலா நெனச்சேன் சார்."

அவர் முகம் செத்துவிட்டது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வந்த காரின் சாவியும் அந்தப் பையில்தானாம்.

அவரைப் பார்த்தால் பாவமாக இல்லையா என்று திரும்பும் வழியெல்லாம் மகள் கேட்கிறாள். எனக்குள் தேடிப் பார்த்தேன், இரக்கம் எதுவும் அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் அவருக்குக் கொஞ்சம் கொடுங்கள்.