மூன்று நாள் செல்லும்

கணினி திருத்தும் கடை போட்ட முதல் மாதத்திலேயே ஓர் அழிறப்பரால் எனக்குக் கெட்ட பெயர் வந்தது.

சண்டை நின்று, வன்னிக்குள் வரும் பாதை திறந்த அடுத்த வருடம் அது. வவுனியாவில் எட்டு மாதம் படித்துவிட்டு வந்து, கிளிநொச்சியில் கண்டி வீதிக்குக் கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். முன்னால் ஆட்கள் இருக்க ஒரு வாங்கு, நடுவில் சீலைத் திரை, பின்னால் என் மேசை. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். கடை ஓடினால்தான் அடுப்பு எரியும்.

வன்னிப் புழுதி எந்தப் பெட்டிக்குள்ளும் போய்விடும். கணினிக்குள் ராம் என்றொரு சின்னப் பச்சைத் தகடு இருக்கிறது. அதன் விளிம்பில் அழுக்கு ஏறினால் கணினி கத்தும், திரை கறுப்பாகவே நிற்கும். தகட்டைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டால் சரி. ஐந்து நிமிட வேலை. பிழை அங்கேதான் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எட்டு மாதம் படித்தேன்.

தொலைபேசி நிலையம் வைத்திருந்த ஒருவருக்கு அப்படி அவர் கண்முன்னாலேயே திருத்திக்கொடுத்து முந்நூறு ரூபாய் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அழிறப்பரால தேய்ச்சதுக்கு முந்நூறோ? என்ர மகளிட்டப் பத்து அழிறப்பர் கிடக்கு தங்கச்சி."

ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் சந்தையில் நாலு பேருக்குச் சொல்லியும்விட்டார்.

இன்னொருவரின் பெட்டியோடு இரண்டு நாள் மாரடித்தேன். சரிவரவில்லை. "திருத்தேல்லைத்தானே, பிறகு என்னத்துக்குக் காசு?" என்றார். காசு வாங்காமலே பெட்டியைக் கொடுத்தனுப்பினேன்.

பிறகொருமுறை ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஓர் ஆசிரியையின் கணினியை மூன்று நாள் தொடாமலே வைத்திருந்தேன். நாலாம் நாள் காலை எண்ணெய் வந்தது. அழிறப்பரால் தேய்த்தேன், சரியாகிவிட்டது. மத்தியானம் அவர் வந்தார். "மூண்டு நாள் மினக்கெட்டிருக்கிறியள், பாவம்," என்று நான் கேட்காமலே ஐந்நூறு ரூபாய் தந்தார்.

அன்றிலிருந்து எல்லோருக்கும் மூன்று நாள் சொன்னேன். பெட்டியை வாங்கிச் சீலைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்ப்பேன். உடனேயே சரிவந்தாலும் மூடி போட்டு ஓரமாக வைத்துவிட்டு வந்து, "மூண்டு நாள் செல்லும்," என்பேன். ஐந்நூறு என்றால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வேலை தெரிந்த பிள்ளை என்று பெயரும் வந்தது. தொடக்கத்தில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் விட்டுப்போயிற்று.

சண்டை மறுபடியும் தொடங்கிப் பாதையைப் பூட்டி இரண்டு வருடத்துக்குப் பிறகு, எறிகணைச் சத்தம் நாளுக்கு நாள் கிட்டவாகக் கேட்கத் தொடங்கிய புரட்டாதியில், கண்டாவளையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வயல் செய்கிறவர். கரியரில் கணினிப் பெட்டியைச் சாக்கால் சுற்றி, பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"பிள்ளை, இதுக்குள்ள என்ர மகளின்ர படங்கள் கிடக்கு," என்றார். "போன வருசம் காய்ச்சலில செத்துப்போனாள். மருந்து வந்து சேரேல்லை. வேற படம் எங்களிட்ட இல்லை. மனுசி ஒவ்வொரு பின்னேரமும் பக்கத்து வீட்டு ஜெனரேற்றரில இதைப் போட்டுப் பாக்கிறவா. ஒரு கிழமையா வேலை செய்யேல்லை. அவா ஒழுங்காச் சாப்பிடுறாவுமில்லை."

அவரை வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பின்னுக்குக் கொண்டுபோனேன். மின்சாரம் கொடுத்ததும் கத்தியது. தகட்டைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன். கணினித் திரை வெளித்தது. சோதித்துப் பார்க்க ஒன்றைத் திறந்தேன், இரட்டைப் பின்னலோடு ஒரு பிள்ளையின் படம் வந்தது. நான் சுவிச்சை அமத்தி நிறுத்தினேன். மூடியைப் பூட்டினேன். சீலைத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"மூண்டு நாள் செல்லும் ஐயா. ஐந்நூறு வரும்."

"இண்டைக்கே ஏலாதோ பிள்ளை? மனுசி பாத்துக்கொண்டிருப்பா."

"ஏலாது ஐயா. உள்ளுக்குக் கனக்கப் பிழை."

அம்மாவின் பிரஷர் குளிசைக்கு அந்தக் காசு வேண்டியிருந்தது உண்மை. சோகக் கதை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் கடைசியில் கூடப் பேரம் பேசுவார்கள் என்று பட்டு அறிந்திருந்ததும் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. வாய் பழகிய சொல்லைச் சொன்னது. அவர் தலையை ஆட்டிவிட்டு, சாக்கை மடித்து வெறும் கரியரில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் வீடும் கடையும் இருந்த ஒழுங்கைக்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. அன்று பின்னேரம் அயலவர் ஒருவர் உழவு இயந்திரத்தோடு வந்து, "அரை மணித்தியாலம்தான், ஏறுங்கோ," என்றார். கடைக்குள் ஏழு கணினிகள் இருந்தன. பெட்டிகளை ஏற்றலாமா என்று கேட்டேன். "ஆக்களுக்கே இடமில்லைப் பிள்ளை." அந்த அரை மணித்தியாலத்தில் அந்தக் கண்டாவளை ஐயாவின் பெட்டியைத் திறந்து, படங்கள் பதிந்திருக்கிற கையளவு ஹாட் டிஸ்க்கை மட்டும் கழற்றியிருக்கலாம். நாலு திருகாணிதான். நான் என் திருத்துகிற ஆயுதங்களைப் பொறுக்கினேன். ஈயம் பற்றவைக்கும் கோல், மீற்றர், திருகாணிச் சாவிகள். போகிற இடத்தில் பிழைக்க வேண்டுமே என்று மட்டும் மனம் ஓடியது. கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். கண்டாவளைக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டித்தான் நாங்கள் தருமபுரத்துக்குப் போனோம்.

ஒரு கிழமை கழித்துத் தருமபுரத்திலிருந்து சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு கடையைப் பார்க்கப் போனேன். கூரை உள்ளே விழுந்து கிடந்தது. மேசை நின்ற இடம் எரிந்திருந்தது. அவருடைய பெட்டியைத் தகரத்துக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்தேன். அது நசிந்து, உள்ளே இருந்ததெல்லாம் உருகிக் கட்டியாகியிருந்தது.

அவருடைய வீடு நான் தங்கியிருந்த இடத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். போய்ச் சொல்லவில்லை. இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்தேன். பிறகு நாங்கள் விசுவமடுவுக்கு ஓடினோம். அதற்குப் பிறகு ஓட்டம்தான், முள்ளிவாய்க்கால் வரைக்கும்.

சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த வவுனியா முகாமில், தண்ணீர் வரிசையில், பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொம்பியூட்டர் திருத்திற பிள்ளையெல்லே?"

திரும்பினேன். கண்டாவளை ஐயா. பாதியாக மெலிந்திருந்தார். ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது. அம்மாவும் வந்திருக்கிறாவோ என்று அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டேன்.

"மனுசி இல்லைப் பிள்ளை. முள்ளிவாய்க்காலில போயிட்டா." தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்த்தபடி தொடர்ந்தார். "நீங்கள் சொன்ன மாதிரி மூண்டாம் நாள் வந்தனான். சனம் எல்லாம் இஞ்சால வருது, நான் அங்கால போறன். கடை பூட்டிக் கிடந்தது. கதவைத் தட்டிப் பாத்திட்டு வந்தனான். மனுசிக்குச் சொல்லேல்லை. பிள்ளை திருத்துது, திருத்துது எண்டு கடைசிமட்டும் சொல்லிக்கொண்டிருந்தனான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் என்னைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அடக்க முடியவில்லை.

"ஐயா, அது அண்டைக்கே சரிவந்திட்டுது. நீங்கள் வாங்கில இருக்கேக்குள்ளயே. கெதியாத் திருத்தினா ஆக்கள் காசு தரமாட்டினம் எண்டு நான்தான் பொய் சொன்னனான்."

அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. வாளியைக் கீழே வைத்தார்.

"ஐந்நூறு ரூவா அண்டைக்கு என்ர சேட்டுப் பையுக்குள்ள கிடந்தது பிள்ளை," என்றார். "அவ்வளவு வருமெண்டு நினைச்சுத்தான் கொண்டுவந்தனான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற பெண் ஏசினாள். இரண்டு பேரும் ஓரடி முன்னுக்குப் போனோம்.

"அப்ப படம் வந்ததோ?"

"ஓம் ஐயா. ஒருக்கா வந்தது."

"எந்தப் படம்? சிரிச்சுக்கொண்டு நிப்பாளே, அதோ?"

இரட்டைப் பின்னல் மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது. முகத்தை நான் சரியாகப் பார்க்கவேயில்லை.

"ஓம் ஐயா. சிரிச்சுக்கொண்டு."

அவர் முகத்தைத் துடைத்தார். தன் முறை வந்ததும் வாளியை நிரப்பிக்கொண்டு, நல்ல கையால் தூக்கிச் சரிந்து சரிந்து நடந்து போனார். அடுத்த கிழமை அந்தப் பகுதி ஆட்களை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

வருடக் கடைசியில் எங்களை நெளுக்குளத்தில் மாமி வீட்டுக்குப் போக விட்டார்கள். அங்கே ஒரு கணினிக் கடைக்காரர் நான் படித்தவள் என்று கேள்விப்பட்டு வேலைக்குக் கூப்பிட்டார். திருத்துகிற வேலை மறந்துபோனதென்று சொல்லிவிட்டேன். அந்த வேலை இன்னும் கையில்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.