மாதாவுக்கு ஏற்றிய மெழுகுவத்தி

மாதா கோயிலில் மெழுகுவத்தி அணைந்து புகைந்தால் என் காது மடல் இன்னும் கூசும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரன் காலத்துப் புதுச்சேரியில், காதுகுத்துக்கு என்னை மாமா மடியில் உட்கார வைத்தார்கள். நகை செய்யும் பத்தர், சித்தி மகளுக்குக் குத்திய ஊசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் குதித்து எழுந்தேன்.

"ஊசியைச் சுட்டாத்தான் காதைக் காட்டுவேன்!"

"ஊருக்கே குத்துறவன் நான்," என்றார் பத்தர்.

"எங்க அக்காவுக்கும் நீங்கதான் குத்துனீங்க. சீழ் புடிச்சு மடலே அறுந்துபோச்சு."

அம்மா, மாதா படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை எடுத்துவந்து பத்தர் முன் வைத்தாள்.

"மாதாவுக்கு ஏத்தினத எடுக்கலாமா?" என்று மாமா பதறினார்.

"அவங்களும் புள்ள பெத்தவங்கதான்," என்றாள் அம்மா. பத்தர் ஊசியை அந்தச் சுடரில் காட்டிச் சுட்டு, என் காதைக் குத்தினார்.

நாளை என் மகளுக்குக் காதுகுத்து. மெழுகுவத்தியை இப்போதே பையில் போட்டுவிட்டேன். முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.