விண்ணேறியின் கழுத்துக் காய்ப்பு

‘நாளை முதல் தினசரி இரண்டு காட்சிகள்’ என்று அச்சிட்ட ரோஸ் நிற நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்த நாளைக்கு நாளை என்பது அதில் இல்லை. சினிமாக் கொட்டகைக்காரர்கள் வரலாற்றுக்கு இழைத்த கொடுமைகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். மூலையில் என் அத்தை பென்சிலால் ‘வெள்ளி, நவரை நடவு’ என்று குறித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வாரந்தோறும் வருகிறது, நவரைப் பட்டத்து நெல் நடவு ஆண்டுதோறும் வருகிறது. நான் அப்போது நாலாம் வகுப்பில் இருந்தேன் என்பதை வைத்து எழுபதுகளின் தொடக்கம் என்று சொல்லலாம். அதற்கு மேல் துல்லியமாகப் போக எனக்கு ஆதாரமில்லை.

எங்கள் ஊர் நெட்டப்பாக்கம். கொட்டகை பக்கத்து ஊரான மடுகரையில் போட்டிருந்தார்கள். படம், ஒரு வார இதழில் தொடராக வந்த மாயாஜாலக் கதையிலிருந்து எடுத்தது. எங்கள் ஊரில் அதற்கு ‘விண்ணேறி கதை’ என்று பெயர். விண்ணேறி என்பது குதிரையுமில்லாத காளையுமில்லாத, பொன் இறகு முளைத்த ஒரு தெய்வ விலங்கு. நுகம் அறியாத கழுத்துடையது என்று கதாசிரியர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அப்போது கல்யாணமாகவில்லை. எட்டாவது வரை படித்திருந்தாள். நடவு, களையெடுப்பு நாட்களில் மத்தியானக் கூழைக் கழனிக்குக் கொண்டுபோகும்போது கூடையில் வார இதழையும் வைத்துக்கொள்வாள். மோட்டார் கொட்டகை நிழலில் பெண்கள் கூழ் குடிக்க, அவள் கதை படிப்பாள். கதையில் யாராவது தலை வெட்டுப்படும் இடத்தில் ‘தொடரும்’ வந்தாலொழிய யாரும் சேற்றில் கால் வைப்பதில்லை. படம் வந்தபோது விண்ணேறி கதை முடிந்து அடுத்த தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நடவு தாமதமாகிறது என்பது அப்பாவின் நிரந்தரப் புகார். இத்தனைக்கும் ஊரில் எல்லாரும் நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலையும்போது எங்கள் கழனிக்கு மட்டும் பெண்கள் தாங்களாகவே வந்தார்கள். இந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நோட்டீஸைக் கண்டதும் அப்பா தீர்ப்பு சொன்னார். “நானும் வரேன், பாக்கறேன். இத்தினி நாளு இன்னாத்த படிச்சிக் கிழிச்சன்னு தெரிஞ்சிப் போவும். நல்லா இல்லியா, வர்ற வாரத்துலருந்து புக்கு கெடையாது.”

அத்தை அசரவில்லை. “வந்து பாருண்ணா. விண்ணேறி எறங்கி வர்றப்ப வாய மூட மறந்துடுவ,” என்றாள். நடவுப் பெண்கள் அத்தனை பேரையும் கிளப்பினாள். மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவில் பாதி மடுகரைக்கு நடந்தது.

கொட்டகையில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இடுப்புயரத்துக்கு மண்சுவர். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தோம். அத்தைக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நடவு ஆட்களை அழைத்து வரும் எதிர்வீட்டுப் பெரியம்மா. படம் தொடங்கியது.

இளவரசன் ஏழு வனங்களைக் கடந்தான். ஏழிலும் ஒரே வேப்பமரம், ஒரே முறிந்த கிளை. கடல் என்று ஒரு தார்ப்பாயை உதறினார்கள். உதறியவரின் விரல்கள் ஓரத்தில் தெரிந்தன. மூன்று தேசத்து ராஜாக்களும் ஒரே திரைச்சீலைக்கு முன் உட்கார்ந்து ஆண்டார்கள். அத்தை பொறுத்துக்கொண்டாள். “இதெல்லாம் சும்மா. விண்ணேறி வரட்டும்,” என்றாள்.

விண்ணேறி வந்தது. நெற்றியில் ஒரு கொம்பு கட்டி, சொந்தக் கொம்புகளைப் பூச்சரத்தால் மறைத்து, விலாவில் பனையோலை விசிறிகளைச் செருகிய ஒரு வெள்ளை மாடு. ராஜா கைகூப்பி, “நுகம் அறியாத கழுத்துடைய தேவ மிருகமே!” என்று கூவினார். அந்த நேரம் பார்த்தா காமிராவைக் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார்கள்? பட்டணத்துக் கொட்டகையாக இருந்தால் தப்பித்திருக்கலாம். இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள். நுகத்தடி உராய்ந்து தடித்த காய்ப்பைப் பார்த்தே, மாடு நுகத்தில் இடத்துப் பக்கமா வலத்துப் பக்கமா என்று சொல்லிவிடுவார்கள்.

“ஏண்டி, கழுத்தப் பாருடி! காச்சிப் போயிருக்குது!” என்றாள் பெரியம்மா.

“வண்டி மாடுதான் இது!”

“எடத்து மாடும்மா, காய்ப்பு அந்தப் பக்கமா இருக்குது பாரு!”

“நொகம் அறியாதாமே! பத்து வருசமா பார வண்டி இழுத்திருக்குது!”

கொட்டகை குலுங்கியது. அந்தச் சிரிப்பிலேயே ரீல் முடிந்து விளக்கு வந்தது. டூரிங் கொட்டகையில் மிஷின் ஒன்றுதான். ஒவ்வொரு ரீலுக்கும் ஓர் இடைவேளை உண்டு. முறுக்குக்காரன் உள்ளே வந்தான். பெரியம்மா அத்தையின் பக்கம் திரும்பி, “இதுக்குத்தான் எங்கள இழுத்தாந்தியா? நல்லாதான் கத வுட்டடி நீ!” என்றாள். அத்தை தலைகுனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். வார இதழ் போய்விட்டது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அப்போது சுவருக்கு மேலே அப்பாவின் தலை தெரிந்தது.

“இந்தா, அதும் கண்ணு எப்பிடின்னு சொன்ன? கெணத்துல நெலா வுழுந்தாப்புலன்னு படிச்சியே, அது எங்க போச்சி?”

அப்பா மத்தியானங்களில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் படுத்துத் தூங்குவதாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

“படத்துல வெக்கலண்ணா,” என்றாள் அத்தை மெல்ல.

“வெக்கலன்னா நீ சொல்லு. இத்தினி தூரம் நடந்து வந்திருக்குது சனம்.”

அத்தை எழுந்தாள். மணல்மேட்டில் நின்று, விண்ணேறி இறங்கி வருவதை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் விளக்கு அணைந்தது. “லைட்டப் போடு!” என்று இரண்டு பக்கமும் கத்தின. ஆபரேட்டர் கோபமாக வெளியே வந்தார். அத்தை முடிக்கும்வரை அவர் மிஷினிடம் திரும்பிப் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் போல் நாங்கள் எதையும் ரசித்ததில்லை. ரீல் ஓடும்போது வேப்பமரத்துக்கு விசில். விளக்கு வந்தால் அத்தை. கடைசி ரீலுக்கு முன்னால் பெரியம்மா கை நீட்டித் தடுத்தாள்.

“அதெல்லாம் சரிடி. நொகம் தொடாத கழுத்துல காய்ப்பு எப்பிடி வந்துது? அதச் சொல்லு.”

அத்தை கொஞ்சநேரம் திரையைப் பார்த்தாள்.

“மூணு வருசம் மழ இல்லாத ஊரு. அங்க ஒருத்தி. புருசனும் இல்ல, மாடும் ஒண்ணுதான். சோடி இல்ல. ஏரக் கட்டிட்டு நெலத்துல நின்னு அழுவுறா. மேல பறந்து போன விண்ணேறி அதப் பாத்துச்சி. எறங்கி, ரெக்கைய மடிச்சிக்கிட்டு, எடத்துப் பக்கம் தோள் குடுத்துச்சி. அந்தக் காய்ப்புதான் இது. தேவலோகத்துல தைலம் வெச்சிக்கிட்டு, அழிச்சிடலாமான்னு கேட்டாங்கோ. வேணாம்னுடுச்சி.”

முறுக்குக்காரன்கூட நின்றுவிட்டான்.

“வெளச்சல் கண்டுச்சா?” என்றாள் பெரியம்மா.

“கண்டுச்சி, கண்டுச்சி. மூட்ட கட்ட சாக்கு பத்தல.”

பெண்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நான் மட்டும் அத்தையின் சேலையை இழுத்து, “இது புக்குல இல்லியே அத்த!” என்றேன். அவள் திரையைப் பார்த்தபடியே என் தொடையைக் கிள்ளினாள். கடைசி ரீலில் அந்த மாடு மறுபடி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா எழுந்து நின்று, “வாடா ராசா!” என்று கூப்பிட்டாள். கொட்டகை முழுதும் கைதட்டியது.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே கோபம். உண்மை சொன்னவளுக்குக் கிள்ளு, பொய் சொன்னவளுக்குக் கைதட்டலா? வார இதழ் அடுத்த வாரமும் வந்தது. அப்பாவே வாங்கி வந்து கூழ்க் கூடையில் போட்டார். அதற்கு மறுநாள் காலை ஏர் கட்டுவதற்கு முன்னால் அவர் இடத்து மாட்டின் கழுத்தில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஏதோ புண் என்று நினைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். புண் எதுவும் இல்லை, காய்ப்பு மட்டும் இருந்தது.

அத்தை தைத்து வைத்த தொடரை இப்போது வரிசைப்படுத்தியிருக்கிறேன். கையிலிருக்கும் அத்தியாயங்களில் அந்த உழவு இல்லை. ஆனால் நடுவில் சில வாரங்கள் கரையானுக்குப் போய்விட்டன. அவற்றை அத்தை கழனியில் படித்த நாட்களில் எனக்கு அம்மை போட்டிருந்ததால் நானும் சாட்சியில்லை. தேடிய நூலகங்களில் அந்த இதழ்கள் கிடைக்கவில்லை. அத்தையிடம் போன மாதமும் கேட்டேன். “இருந்துச்சே! இல்லாமயா சொன்னேன்?” என்று சிரிக்கிறாள். விண்ணேறி ஏர் உழுதது கதாசிரியர் எழுதியதா, அன்று மடுகரையில் பிறந்ததா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.