முப்பத்தெட்டு ஜோடி செருப்பு

2008-ஆம் வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம் நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு குழந்தைகள் மையத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் பூட்டைத் திறப்பதும், சாயங்காலம் கடைசிக் குழந்தை போன பிறகு பூட்டுவதும்தான் முக்கால்வாசி வேலை.

அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, எங்களிடம் வருவார்கள். காலை ஏழு மணிக்கு வந்து, பால் குடித்து, வீட்டுப்பாடம் முடித்து, எட்டே முக்காலுக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கு வரிசையாகப் போவார்கள். நாலு மணிக்குத் திரும்பி வந்தால் சுண்டல், கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் விளையாட்டு. ஆறு மணிக்குள் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். எனக்குத் துணை ஓர் ஆயாம்மா மட்டும்தான்.

நான் கணக்கு படித்தவள். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் ஓடி ஆடுகிற பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இருபத்தேழு வரைக்கும் வந்திருப்போம், அதற்குள் நாலாவதாக எண்ணின பையன் இருபத்தெட்டாவதாக வந்து நிற்பான். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கூடத்துக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது, வாசலில் இருக்கும் ஸ்டாண்டில் வரிசையாகக் கழற்றி வைக்க வேண்டும். தலையை எண்ணாமல் செருப்பை எண்ணிவிடுவேன். செருப்பு ஓடாது, இடம் மாறாது, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லாது. மணிக்கு ஒரு தடவை எண்ணி நோட்டில் குறித்து வைப்பேன். எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள்கூட இந்த ஏற்பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை இரண்டாம் வகுப்பு. அதிகம் பேசாது. அப்பா கிடையாது. அம்மாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வருவதற்குள் ஆறே கால், ஆறரை ஆகிவிடும். அந்த வாரத்தில் மட்டும் மூன்று நாள் தாமதம். எங்கள் மையத்தில் சேர இன்னும் பல பேர் காத்திருந்தார்கள். மூன்று முறைக்கு மேல் தாமதமானால் பெயரை எடுத்துவிடலாம் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை எழுதினதும் நான்தான்.

மூன்றாவது நாள் அந்த அம்மா மூச்சு வாங்க வந்து நின்றபோது நான் கறாராகவே பேசினேன்.

"நாளைக்கும் லேட்டானா பேர அடிச்சிடுவேம்மா. அப்பறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது."

"பஸ்சு கெடைக்கல டீச்சர். நாளைக்கு எப்படியாவது வந்துடறேன்" என்றார். பெயரை எடுத்துவிட்டால் அவர் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் ஏழு வயதுக் குழந்தையை இருட்டும் வரை வீட்டில் தனியாக விட வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசினேன், ஏனென்றால் விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நான் நினைத்தேன். குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். விளையாட்டெல்லாம் கூடத்துக்குள்ளேயே. ஐந்து மணிக்குச் செருப்பை எண்ணினேன், முப்பத்தெட்டு ஜோடி. வருகைப் பதிவிலும் முப்பத்தெட்டு. நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடித்தேன்.

ஐந்து நாற்பதுக்கு அந்த அம்மா வந்துவிட்டார். சூப்பர்வைசரிடம் கேட்டு அரை மணி முன்னாடியே கிளம்பி, கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் ஸ்கூட்டியில் நேராக வந்து இறங்கியிருந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. "இன்னிக்கு கரெக்டா வந்துட்டேன் டீச்சர்" என்றார். எனக்கும் திருப்திதான். நாம் கொஞ்சம் அழுத்திச் சொன்னதால் வேலை நடந்துவிட்டது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

உள்ளே குரல் கொடுத்தேன். குழந்தை வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஆயாம்மா கூடத்தைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"பாத்ரூம் போயிருக்கும். செருப்பு இங்கதான கெடக்குது, ஆளு எங்க போயிடும்?"

ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் அந்தக் குழந்தையின் நீலச் செருப்பு இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டு, "ஆமா, இருக்குது" என்று சொல்லி அங்கேயே படியில் உட்கார்ந்தார். செருப்பு அங்கே இருந்ததால் எங்கள் மூன்று பேருக்கும் வெளியே தேட வேண்டும் என்ற யோசனையே வரவில்லை.

கழிப்பறை பார்த்தோம். சமையலறை, பாய் அடுக்கி வைக்கும் அறை, பீரோவுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே என்று ஓர் இடம் விடவில்லை. ஒளிந்து விளையாடுகிறதோ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை கட்டிவிட்டது. கால் மணி நேரம் போயிற்று. அப்போதுதான் அந்த அம்மாவின் கண் பின்பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் போனது. தரைக்குள் கட்டிய தொட்டி, மேலே இரும்பு மூடி. மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. ஆனாலும் அவர் ஓடிப்போய், நானும் ஆயாம்மாவும் சேர்ந்து தூக்குகிற அந்த மூடியை ஒற்றை ஆளாக இழுத்துத் தள்ளினார். ஈரத் தரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார். நான் அந்தச் செருப்பு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, அதற்குப் பின்னும் வந்ததில்லை.

தொட்டியில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. நாங்கள் படும் பாட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், அவ அவுங்க அம்மாவ கூட்டாரப் போறன்னு சொன்னா."

"எப்ப?"

"சுண்டல் துன்னப்பவே."

"ஏண்டி இவ்ளோ நேரம் சொல்லல?"

"நீங்க எங்கள யாரையும் கேக்கவே இல்லியே."

உண்மைதான். அத்தனை பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தும் நான் ஒருவரையும் கேட்கவில்லை. பின்பக்கக் கேட்டைப் போய்ப் பார்த்தோம். மதியம் கேஸ் சிலிண்டர் வந்தபோது திறந்தது, தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தியிருந்தது. பின்பக்கம் இருந்த கழிப்பறைக்குப் பிள்ளைகள் வெறுங்காலோடு போவது பழக்கம். அப்படியே வெறுங்காலோடு வெளியே நடந்திருக்கிறது குழந்தை.

ஆயாம்மாவைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, அந்த அம்மாவை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினேன். அம்மாவோடு அந்தக் குழந்தை நடந்து பழகிய வழி அது ஒன்றுதான். அந்த வருடம் அகல ரயில் பாதை போடும் வேலைக்காக எங்கள் ஊர் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். தண்டவாளத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. ஆனால் சிப்காட் போகிற சாலையில் ஓடுகிற டாங்கர் லாரிகள் நினைவுக்கு வந்தன. குழந்தை பஸ்ஸில் ஏறிப் போயிருந்தால், இருட்டுகிற நேரத்தில், அம்மா இல்லாத கம்பெனி வாசலில் போய் இறங்கியிருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளைப் பிடித்திருந்தார். சாலையோரம் தெரிந்த ஒவ்வொரு குழந்தையையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கியில் அறிவிப்பு கேட்டது. பச்சை ரிப்பன் கட்டிய ஒரு பெண் குழந்தை நேரம் குறிக்கிற அலுவலகத்தில் இருக்கிறது, சொந்தக்காரர்கள் வரவும் என்று. அந்த அம்மா ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்துவிட்டார்.

குழந்தை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தனியார் பஸ் கண்டக்டர். நாற்பது வயதிருக்கும், காதில் பேனா செருகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் கோபப்பட்டார்.

"ஏம்மா, புள்ளைய இப்படியா வுடுவீங்க? வந்து ஏறி சீட்ல உக்காந்துகிச்சி. யாரோடம்மா வந்தன்னு கேட்டா, சிப்காட்டுல எங்கம்மாகிட்ட போறேன்னுது. காலப் பாத்தேன், செருப்பு இல்ல. வெளிய அனுப்பற புள்ளைய எந்த அம்மாவாவது செருப்பு போடாம அனுப்புமா? அதான் எறக்கிட்டேன்."

அந்த ஊரில் தனியார் பஸ்காரர்கள் ஒரு நிமிடத்துக்காக நடுரோட்டில் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுவதை நானே பார்த்திருக்கிறேன். இவர் குழந்தையைத் தனியாக விட மனமில்லாமல் தன் பஸ்ஸின் டைமையே பின்னால் வந்த வண்டிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். டிரைவர் தூரத்தில் நின்று இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த ஸ்கூலு, எங்கேர்ந்து வந்தேன்னு எவ்ளோ கேட்டும் வாயத் தொறக்கல. யூனிபார்ம வெச்சி கண்டுபுடிக்கலாம்னா எல்லா கவர்மென்ட் ஸ்கூலுக்கும் ஒரே கலரு. அப்பறந்தான் மைக்ல சொல்லச் சொன்னேன்" என்று அவரே சொன்னார்.

அம்மா குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதபடியே முதுகில் ஓர் அடியும் வைத்தார். "ஏண்டி வந்த? எதுக்குடி வந்த?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

குழந்தை என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு அம்மாவின் காதில் சொல்வதுபோல், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னது.

"நீ லேட்டா வந்தா டீச்சர் பேர அடிச்சிடுவாங்கல்ல. அதான் உன்ன சீக்கிரமா கூட்டாரப் போனேன்."

"அப்ப எந்த எடம்னு இவுரு கேட்டதுக்கு ஏன் சொல்லல?" என்று அம்மா கேட்டார்.

"சொன்னா டீச்சருக்குத் தெரிஞ்சிடும்ல."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாவுக்கும் எனக்கும் புரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் திரும்பினார். எழுந்து வந்து நாலு வார்த்தை கேட்கப்போகிறார், கேட்கட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் நின்றேன். கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கையைக் கூப்பினார்.

"டீச்சர், இனிமே இந்த மாதிரி பண்ண மாட்டா. நானும் லேட்டா வர மாட்டேன். பேர மட்டும் அடிச்சிடாதீங்க டீச்சர்."

அத்தனை பேர் நடமாடும் பஸ் ஸ்டாண்டில் எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் என்னை அவமானப்படுத்தியதால் வந்த வெட்கம் இல்லை அது. என்னிடம் விட்ட குழந்தையை நான் தொலைத்திருக்கிறேன், தொலைத்தவளிடமே அந்தத் தாய் மன்னிப்புக் கேட்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று ஏதோ உளறினேன். கண்டக்டருக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவர் அதற்குள் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு விசிலடித்துவிட்டார்.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். பின்பக்கக் கேட் தாழிடப்படவில்லை, செருப்பை எண்ணும் முறை தவறானது, இனிமேல் ஒவ்வொரு குழந்தையையும் முகம் பார்த்துப் பெயர் சொல்லித்தான் எண்ணுவோம் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினேன். நேர்மையான அறிக்கை என்று பதில் வந்தது. குழந்தை ஏன் வெளியே போனது என்ற இடத்தில் மட்டும், "தாயைத் தேடி" என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தேன்.

ஆறு மணி விதியை ஏழாக மாற்றக் கேட்டு வாங்கினேன். அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரை எங்களிடம்தான் இருந்தது. பல நாள் அதன் அம்மா ஆறே முக்காலுக்கு வருவார், ஓடி வந்த மூச்சோடு முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் சிரித்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் குழந்தையைப் பார்ப்பார். அன்றைக்கு நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அந்த மூன்று வருடத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது சிதம்பரத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன். எந்தப் பெற்றோரிடமாவது கண்டிப்பாகப் பேச வேண்டியிருந்தால், குழந்தையை முதலில் உள்ளே அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையில் நான் எழுதாமல் விட்ட காரணத்தை, என்னுடைய அந்த ஒரு மிரட்டலை, இவ்வளவு வருடம் கழித்து இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்; எழுதிய பிறகும் அந்த அம்மாவின் கூப்பிய கை என் முன்னாலிருந்து இறங்கவில்லை.