நூறு வருஷம் விழித்திருந்தவள்

போன மாதம் மகள் குடும்பம் என்னை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே ஒரு கோட்டை. உள்ளே மந்திரக்காரி, முள்காடு, நூறு வருஷம் தூங்கும் இளவரசி. மோட்டார் உபயத்தில் மூச்சுகூட விட்டாள். எங்கிருந்தோ புதுப் பெயின்ட் வாசனை வந்தது. அவ்வளவுதான், எழுபதுகளின் கடைசியில், புதுச்சேரிப் பொருட்காட்சியில் போய் நின்றுவிட்டேன்.

அங்கேயும் ஒரு கோட்டை இருந்தது. மூங்கில், கோணி, சுண்ணாம்பு; கோபுரங்கள் காலித் தார் டின்கள். ஆனால் ஜன்னல்களைக் குறை சொல்ல முடியாது. மாதா கோயில் ஜன்னலைப் பார்த்துப் பார்த்து வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். சாயங்கால வெயிலில் சிலர் தம்மை அறியாமல் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

என் வேலை மைக்கில் கதை சொல்வது. பி.ஏ. படித்ததற்குக் கிடைத்த முதல் வேலை. வீட்டில் 'அனவுன்சர்' என்று சொல்லிவைத்திருந்தேன். இது போனால், அப்பா வேலை பார்த்த மில்லில் எனக்கு இடம் தயாராக இருந்தது. அந்தப் பயம் வேறு.

திறப்பு நாள் காலையில் இளவரசி மாட்டுவண்டியில் வந்தாள். வில்லியனூர்ப் பக்கம் ஐயனார் சிலை செய்கிற நடேசன், வைக்கோல் மேல் களிமண் பூசிச் செய்தது. நகக்கண் வரை அச்சு அசல். கண் மட்டும் அகலத் திறந்திருந்தது.

கோட்டைக் காண்ட்ராக்டர் தலையில் கைவைத்தார். "தூங்குற பொண்ணுக்கு எதுக்குய்யா கண்ணத் தொறந்த?"

"கண்ணு தொறக்காத செலைய நாங்க குடுக்கறதில்ல மொதலாளி. மொதல்ல முழிக்கட்டும். பொறவு தூங்கறது அது பாடு."

வர்ணம் பூசி மூடச் சொன்னால், திறந்த கண்ணை மூட மாட்டேன் என்று பெயின்டரும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான். காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். "ஜனங்க சிரிச்சா நாளைக்கு நீ வர வேணாம் தம்பி."

சாயங்காலம் கூட்டத்துக்கு முன்னால், மைக்கில், நூறு வருஷத் தூக்கத்தில் நான் பாதி வழி வந்திருப்பேன். முன்னால் நின்ற சிறுமி சொன்னாள்: "அக்கா முழிச்சினுதான இருக்கு."

பின்னால் யாரோ சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு மில் சங்கு காதில் கேட்டது. வாய் என்னைக் கேட்காமலே பேசியது: சாபமே அதுதான், நூறு வருஷம் இளவரசியால் கண்ணை மூட முடியாது. காரணம், கொசு.

சிரிப்பு நின்றது. ஊரெல்லாம் சாக்கடை வாய்க்கால். கூட்டத்தில் பாதிப் பேர் முந்தின ராத்திரி தூங்காதவர்கள். நெல்லித்தோப்பு அம்மாள் ஒருவர் உச்சுக்கொட்டினார். மறுநாள் காண்ட்ராக்டரே பக்கத்தில் நின்ற இளவரசன் பொம்மையின் கையிலிருந்த வாளை உருவிவிட்டு விசிறியைச் செருகினார். தினமும் வந்து, "இன்னிக்காவது தூங்கிச்சா?" என்று விசாரித்தவர்கள் உண்டு. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் மதாம் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் படிச்சது வேற, மிசியே. ஆனா இந்த ஊர்ல இப்படித்தான் ஆயிருக்கும்" என்றார். என் வாழ்நாளில் கிடைத்த ஒரே நல்ல விமரிசனம்.

பொருட்காட்சி முடிந்தது. மூங்கில் சாரம் கட்டப் போனது. மைக் அடுத்த ஊருக்குப் போனது. நான் மில்லுக்கே போனேன். பிற்பாடு மில்லும் போயிற்று. கோட்டையைப் பிரித்த அன்று, இளவரசியைக் குப்பையில் போடக் கூடாது, கண் திறந்தது தண்ணீரில்தான் கரைய வேண்டும் என்று நடேசன் வண்டியோடு வந்து நின்றார். வைத்திக்குப்பத்துக் கடலில், முழங்கால் ஆழத்தில் இறக்கினோம். அவர் கொஞ்சம் ஈரமண்ணைக் குழைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அவள் இமைகளை இழுத்து மூடினார்.

"போதும், தூங்கும்மா."

அலை வந்தது. உதட்டுச் சிவப்பு நுரையில் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.