பெரிய கங்காணியின் கோட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மதிக்கத்தக்க கோட்டு ஒன்றுதான் இருந்தது. துரை பங்களாவில் தொங்கிய கோட்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொல்வது பெரிய கங்காணியின் கறுப்புக் கோட்டை. ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு மேய்க்கிற தலைவர் அவர். ஆள் நல்ல பருமன், கோட்டும் அதே பருமன். பூச்சி உருண்டை வாசனையோடு தகரப் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்கும் அது, கல்யாணம் காட்சி என்றால்தான் வெளியே வரும்.

அந்தக் கோட்டுக்கு ராசி பிறந்தது என் அப்பாவால்தான். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு தோட்டத் தமிழர்களான எங்களை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டார்கள். பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும், விசாரணைக்குப் போக வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த மலையிலேயே தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, இங்கே வாழ்வதற்கு உனக்கு என்ன வசதி இருக்கிறது என்று கேட்டார்கள். அப்பா அன்றைக்குப் பெரிய கங்காணியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தார். மாடு இருக்கிறது, மரக்கறித் தோட்டம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று நிமிர்ந்து நின்று சொன்னார். மாடு மூன்று குடும்பத்துக்குப் பொது என்பதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

அதே விசாரணைக்குப் போன பலருக்கு இல்லை என்றார்கள். ஏன் என்பது மறுத்தவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கோட்டுப் போட்டவனுக்கு நாடு கிடைத்தது, போடாதவனுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்திலிருந்து எந்த விசாரணைக்குப் போனாலும், ஒல்லியோ குட்டையோ, அந்தக் கோட்டுக்குள் நுழைந்துதான் போனார்கள்.

நான் கொட்டகலையில் படித்து, பிறகு அட்டனில் படித்து, ஒருவழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தேர்வானேன். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. கடிதம் வந்த அன்று லயத்துக்கே தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் யார் கொடுப்பது? கவ்வாத்துக்காரர் ஒருவரும் கொழுந்து பறிக்கிறவள் ஒருத்தியும் சேர்ந்து சம்பாதித்த சம்பளம் எங்கள் அடுப்புக்கே போதாது. அரசாங்கம் வசதியில்லாத மாணவர்களுக்கு உதவிப்பணம் கொடுத்தது. அது கிடைத்தால் நான் பேராதனை போவேன். கிடைக்காவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் கூடையை மாட்டிக்கொண்டு நிற்பேன். வேறு வழி எதுவும் எனக்கு இல்லை.

தகப்பனையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, விசாரணைக்கு வரும்படி அறிவித்தார்கள். விசாரணை என்ற சொல் காதில் விழுந்ததுமே அப்பா பெரிய கங்காணி வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. எனக்கு அப்போதே வாய் நீளம். இது இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற பணம், இருக்கிறவர்கள் மாதிரி போனால் கொடுக்க மாட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். அப்பா கேட்கிற மாதிரி இல்லை. கச்சேரியில் போய் நான் ஒன்றுமில்லாதவன் என்று சொன்னவனை வாசல் வரைக்கும் துரத்தியதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னார். அம்மா, படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று என் வாயை அடைத்தாள். இரண்டு பேருக்கும் பயம். ஒரு முறை பலித்ததை மாற்றிச் செய்யப் பயம். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது.

விஷயம் அதற்குள் லயத்தின் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. லயத்தில் எங்களுக்கு எதிர் அறையில் இருந்த எதிர்க் காம்பரா அத்தை தன் அட்டியலையும் தோட்டையும் கொண்டுவந்து தானே எனக்குப் போட்டுவிட்டாள். கொட்டகலைக் கடைவீதியில் எங்களுக்குச் சாமான் கொடுக்கிற முஸ்லிம் கடைக்காரர் நானா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அப்பாவின் மணிக்கட்டில் கட்டி, பொண்ணு பெரிய எடத்துக்குப் போவுது, நேரம் பார்க்கத் தெரியாட்டியும் அடிக்கடி பாருங்க என்று சொல்லி அனுப்பினார். கோட்டுக்குள் அப்பா தொலைந்துபோகாமல் இருக்க, அம்மா இரண்டு பக்கமும் உள்ளே மடித்து ஓட்டுத் தையல் போட்டாள். கோட்டுக்கு உள்ளே இருந்த சட்டைக்குக் கழுத்துப்பட்டியும் முன்பக்கமும் மட்டும்தான் ஒழுங்கு. முதுகுப் பக்கம் கிழிந்து தொங்கியது. கோட்டைக் கழற்றப் போவதில்லை, பிறகென்ன என்றாள் அம்மா.

காலை பஸ்ஸில் தலவாக்கலை வழியாகப் போனோம். பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள். அப்பா நானாவின் பேச்சைத் தட்டாமல் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, உர்ரென்று இருந்தேன்.

விசாரணை அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். தலைவராக இருந்த சிங்களப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் எங்களிடம் கேட்டுத் தலைவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். எங்களுக்கு முன்னால் போய்விட்டு வெளியே வந்த பையனுக்குச் செருப்புகூட இல்லை. அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அதைப் பார்த்தபோதே நான் வீட்டில் சொன்னதுதான் சரி என்று தெரிந்துவிட்டது.

உத்தியோகத்தர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார்.

"வசதியில்லையெண்டு எழுதியிருக்கிறியள். பார்த்தால் அப்பிடித் தெரியேல்லையே" என்றார்.

அப்பா இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். "எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க ஐயா. மாடு இருக்கு, தோட்டம் இருக்கு, புள்ளைக்கு நக இருக்கு."

பழைய விசாரணையில் சொன்னதையே, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி, நகையை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொண்டார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். நாடே வாங்கிக் கொடுத்த பேச்சு அல்லவா. உத்தியோகத்தர் அதைச் சிங்களத்தில் சொன்னார். தலைவர் என் விண்ணப்பத்தை மூடி ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். இது ஏழைப் பிள்ளைகளுக்கான உதவி, வேறொரு பிள்ளைக்குப் போகட்டும் என்று நல்ல விதமாகவே சொன்னார்.

வரப்போகும் என் நான்கு வருஷப் படிப்பு மேசையின் ஓரத்தில் மூடிக் கிடந்தது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அப்பா மேலா, அவர்கள் மேலா, கோட்டின் மேலா என்று சொல்லத் தெரியாது. எழுந்து நின்று அட்டியலைக் கழற்றி மேசையில் வைத்தேன். இது எதிர்க் காம்பரா அத்தையுடையது என்றேன். தோட்டைக் கழற்றப் போனால் திருகு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. காதைப் பிய்த்துக்கொண்டு அதையும் எடுத்து வைத்து, இதுவும் அவளுடையது என்றேன். அப்பா என் கையைப் பிடித்து, உட்காரு, மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்தார்.

"அப்பா, இது அந்த வெசாரண இல்ல. இது இல்லாதவங்களுக்குக் குடுக்கிற பணம். கோட்டக் கழட்டுங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. தேயிலை மலையில் மழையிலும் பனியிலும் நின்று வேலை செய்த மனிதர் அவர். யாரிடமும் இல்லை என்று கை நீட்டாமல் வாழ்ந்தவர். அவர் பெற்ற மகளே, அந்நியர்கள் முன்னால் இல்லாதவராக நிற்கச் சொல்கிறாள்.

பிறகு கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தார். அம்மாவின் தையல் இறுக்கிப் பிடித்திருந்ததால் கோட்டு எளிதில் வரவில்லை. ஒரு பக்கம் டர்ரென்று பிரிந்தது. கிழிந்த முதுகைச் சுவர்ப் பக்கம் மறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். கோட்டை மடித்து மேசையில் வைத்து, பெரிய கங்காணியுடையது என்றார். கடிகாரத்தை அதன் மேல் வைத்து, கடைக்கார நானாவுடையது என்றார்.

உத்தியோகத்தர் மேசையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அப்ப உம்மட எது?"

"வேட்டி என்னுதுங்க" என்றார் அப்பா.

தலைவர் என்ன என்று கேட்க, இவர் சிங்களத்தில் சொல்ல, பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தியோகத்தரும் சிரித்தார். அந்தப் பதற்றத்திலும் எனக்கே சிரிப்பு வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பிறகு ஏன் இதையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தாய் என்று தலைவர் கேட்டார்.

அப்பா நிதானமாகத்தான் சொன்னார். "அன்னைக்கு இல்லாதவன்னு சொன்னா நாடு கெடையாதுன்னாங்க. இருக்குன்னு சொன்னேன், குடுத்தாங்க. இன்னைக்கு இருக்குன்னு சொன்னா படிப்பு கெடையாதுங்கிறீங்க. நாங்க எதத்தாங்க போட்டுக்கிட்டு வாறது?"

உத்தியோகத்தர் அதைச் சிங்களத்தில் ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பெரியவரின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஓரத்தில் தள்ளிய விண்ணப்பத்தை இழுத்து மறுபடியும் திறந்தார். அப்பாவுக்கு நாற்காலி காட்டினார். அதுவரை அப்பா நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு என்னிடம் பாடங்களைப் பற்றிக் கேட்டார். நான் படபடவென்று சொன்னேன். நாங்கள் கிளம்பும்போது அவரே எழுந்து கோட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டி, வெளியே குளிர், போட்டுக்கொண்டு போகச் சொன்னார். அப்பா கோட்டை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே நடந்தார்.

பஸ்ஸில் நானு ஓயா தாண்டும் வரைக்கும் அவர் கோட்டின் பிரிந்த தையலையே தடவிக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லித் தொலைக்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, கங்காணிக்கு என்னடி பதில் சொல்றது, கோட்டு வேற பிரிஞ்சு போச்சு என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். இருவரும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

உதவிப்பணம் எனக்குக் கிடைத்தது. செய்தி வந்த அன்று அம்மா மலையிலிருந்து கூடையோடு ஓடிவந்தாள். எதிர்க் காம்பரா அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் வெட்கமில்லாமல் ஊரைக் கூட்டி அழுதேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. பெரிய கங்காணியோ, பிரிந்த தையலைப் பற்றி மூச்சே விடவில்லை. தன் கோட்டு போட்டாலும் பலிக்கும், கழற்றினாலும் பலிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவும் லேசுப்பட்டவரா? அன்றிலிருந்து விசாரணை விஷயங்களில் அவர்தான் எங்கள் தோட்டத்து அதிகாரி. யாராவது கச்சேரிக்குப் புறப்பட்டால் லயத்து முனையில் நிறுத்திவைத்து, கோட்டு விசாரணையா, சட்டை விசாரணையா என்று கேட்பார். சட்டை விசாரணை என்றால் இரவல் நகையெல்லாம் அங்கேயே கழற்றியாக வேண்டும். எனக்குப் பின்னால் எங்கள் தோட்டத்திலிருந்து படிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் அவருடைய சோதனையைத் தாண்டித்தான் பஸ் ஏறினார்கள்.

நான் படித்து முடித்தேன். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பாவும் அம்மாவும் கொட்டகலையில் ரயிலேறிப் பேராதனைக்கு வந்தார்கள். பெரிய கங்காணி தானாகவே கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டு, முதுகு கிழியாத புதுச் சட்டையும் வேட்டியுமாக வந்திருந்தார். மேடையில் என்னைக் கூப்பிட்டபோது அம்மா எழுந்து நின்றுவிட்டாளாம். பக்கத்திலிருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்தார்களாம்.

வெளியே வந்ததும் அப்பா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கிய என் கறுப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்தார். துணி நல்ல துணி என்றார். பிறகு சந்தேகம் வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, "இது யாருதும்மா?" என்று கேட்டார்.

"வாடகைக்கு எடுத்ததுப்பா. சாயங்காலம் திருப்பிக் குடுத்திரணும்."

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இங்கேயுமா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே கேட்டார், "அப்ப உன்னுது எது?"

நான் கையிலிருந்த பட்டத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"இது என்னுதுப்பா."