‘நீரே’ என்று சொன்ன டொக்டர்

“…வயசுக்கும் ஒரு மரியாதை இல்லை. ‘நீரே, நீரே’ எண்டு என்ரை முதுகுப் பக்கம் விரலை நீட்டி நீட்டிச் சொல்லுறா. நான் என்ன பிழை செய்தனான் எண்டு கேளும், தம்பி!”

டொக்டருக்கு முன்னாலேயே, என்னோடு ஒரே அறையில் இருக்கிற கந்தையா அண்ணை இப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். ஜெர்மன்காரர் சிறுநீரகத்தை ‘நீரெ’ என்பார்கள். அந்த டொக்டர் அம்மா குற்றம் சாட்டியது அவரையல்ல, அவருடைய சிறுநீரகத்தை. ஊரில் இருக்கிறவர்களே, இங்கே ஜெர்மன் நாட்டில் என்னைப் போலக் கோப்பை கழுவிக் கழுவி மொழி பிடித்தவர்களே, அந்தச் சிரிப்பு வாயை விட்டுப் போக முதலே மற்றதையும் நான் அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாதம். சண்டை ஓய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்த நாட்கள். அண்ணை ஊருக்குப் போக விமான ரிக்கற் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். புங்குடுதீவு மடத்துவெளியில் அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். “இந்தத் தொய்வுக்கு வழிக்கு நாலு குளிசை வாங்கித் தாரும், போதும்” என்றுதான் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனார். மூச்சிழுப்பைத் தொய்வு என்பதும் மாத்திரையைக் குளிசை என்பதும் எங்கள் வழக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சில மாதங்களாக அவர் கதிரையில் சாய்ந்தபடிதான் நித்திரை கொண்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். கால் வீங்கியது, ரெஸ்ரோறண்ட் குசினிக்குள் நாள் முழுக்க நிற்கிறபடியால் என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது.

முதல் முறை போனபோது சோதிக்க இரத்தமும் சலமும், அதாவது சிறுநீரும், எடுத்தார்கள். “நெஞ்சு அடைக்குது எண்டு போனால் சலத்தைக் கேக்கினம். நெஞ்சுக்கும் சலத்துக்கும் என்ன சொந்தமாம்?” என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பகிடி விட்டார். அந்தச் சொந்தத்தைத்தான் இப்போது டொக்டர் அம்மா விளங்கப்படுத்தினார். அண்ணையுடைய சிறுநீரகம் இரண்டும் சத்தமில்லாமல் பல வருடமாகப் பழுதாகிக்கொண்டு வந்திருக்கின்றன. வெளியே போக வேண்டிய உப்பும் தண்ணீரும் உடம்புக்குள்ளேயே தேங்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டன. அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்துப் போயிற்று. தடித்த இதயம் பலமான இதயம் அல்லவாம்; இறுகிப்போன இதயமாம். அதனால் இனித் தள்ள ஏலாமல் போக, தண்ணீர் நுரையீரலுக்குள் ஏறுகிறது. நாங்கள் தொய்வென்று சொன்னது அதைத்தான். இரத்தக் குழாய்களிலும் ‘கால்க்’ படிந்திருக்கிறது என்றார். குசினியில் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டுகிறவன் நான், அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

“அண்ணை, நரம்புக்குள்ளை சுண்ணாம்பு படிஞ்சிருக்காம்.”

“சுண்ணாம்போ? ஆயுசிலை நான் வெத்திலை வாயிலை வைக்கேல்லை எண்டு சொல்லும் அவவுக்கு!”

டொக்டர் அம்மா குனிந்து அவருடைய கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல அந்த இடம் குழிந்தபடி நின்றது. பார்த்துக்கொண்டிருந்தோம், எழும்பவே இல்லை.

எனக்கு அவருடைய மனைவி அனுப்பிய கசற் ஒலிநாடா ஞாபகம் வந்தது. அண்ணை அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு மனைவி குரல் பதிந்து அனுப்பியிருந்தார். “நல்லாய் உடம்பு வைச்சிட்டியள். முகம் பூரிச்சுப் போய்க் கிடக்கு. அங்கத்தைச் சாப்பாடு பிடிச்சிட்டுது போலை!” அறையிலிருந்த நாங்கள் எல்லோரும் கைதட்டிக் கேட்டோம். அண்ணை வெட்கப்பட்டு, அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டார். வெளிநாடு போனவன் ‘உடம்பு வைச்சிட்டான்’ என்றால் எங்கள் சனத்துக்கு அதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. அந்த உடம்பு தண்ணீர். நெருங்கிய ஆளுக்கு உடம்பு வைத்திருந்தால் முதலில் காலை ஒருமுறை அமத்திப் பாருங்கள்.

அண்ணை குழிந்த காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஐயாவுக்கும் இப்பிடித்தான் கால் வீங்கினது” என்று தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். “தோட்டத்திலை விழுந்து செத்துப் போனவர். நெஞ்சடைப்பு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். அப்ப அவருக்கும் நெஞ்சிலை தொடங்கேல்லையோ?”

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. டொக்டர் அம்மா சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மெஷினைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார். கிழமைக்கு மூன்று தரம், இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட வேண்டும். செய்யாமல் விட்டால் இதயம் நின்றுவிடும்.

“ஊருக்குப் போய்ப் பிள்ளையளைப் பாத்திட்டு வந்து செய்யலாமோ எண்டு கேளும்.”

கேட்டேன். “அங்கே அவருடைய வீட்டுக்குக் கிட்ட இந்த மெஷின் இருக்கிறதா?” என்று திருப்பிக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கரண்ட் கம்பி எட்டிப் பார்க்காத ஒழுங்கையில் அவருடைய வீடு. இல்லையென்று நான் தலையை ஆட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு அண்ணைக்குத் தேவைப்படவில்லை.

மெஷினுக்காக, அதிகம் வேலை செய்யாத கையில் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைக்க வேண்டும் என்றார் டொக்டர் அம்மா. “எந்தக் கையால் எழுதுவார்?”

“எழுதுறதோ?” என்றார் அண்ணை. “எந்தக் கையாலை சோறு தின்னுறது எண்டு கேட்டால் சொல்லலாம்.”

அவர் சிரிக்கவில்லை. இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மெதுவாகச் சுருட்டி, அந்தக் கையை மேசை மேல் டொக்டர் அம்மாவின் பக்கம் நீட்டி வைத்தார். வலது கையால் சட்டைப் பைக்குள் இருந்த ரிக்கற்றை நெஞ்சோடு அமத்திப் பிடித்துக்கொண்டார்.